சம்பந்தி வர நல்ல மாதம் எது?

"எழுது!" என்றார் அப்பா.

சைகல் செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்கப்பா."

"எந்த மாசம் வேணும்னாலும் வா. எந்த மாசம் வந்தாலும் எனக்கு நீ வெச்ச அதே எலும்பத்தான் உனக்கும் வைப்பேன். வெச்சுட்டு, நீ கடிக்கறதுக்குள்ள பிடுங்கி நாய்க்குப் போடுவேன். எழுதிட்டியா?"

"நாய்கிட்ட வந்துட்டேன்ப்பா."

"நாய்க்கு அப்புறம் ஒரு ஆச்சரியக்குறி போடு. ரெண்டா போடு."

சைகல் போட்டாள். அவள் எழுதியிருந்தது இதுதான்: "அன்புள்ள சம்பந்தி, எங்கள் ஊருக்கு எந்த மாதமும் நல்ல மாதமே. எப்போது வந்தாலும் உங்களுக்குரிய மரியாதை இங்கே காத்திருக்கிறது!!"

அனுப்பிவிட்டாள்.

அப்பா எசெனுக்குப் பள்ளிக்கூடத்துக் கொதிகலனில் கரி அள்ளிப் போடும் வேலை. அவர் விரல் பட்டால் செல்போன் திரை கறுத்துவிடும். கண்ணாடி இல்லாமல் எழுத்தும் தெரியாது. போனில் பேசித் தொலைக்கலாம் என்றால், "என் குரல் இனி அந்த ஆள் காதுல விழாது" என்று ஊரறியச் சபதம் வேறு செய்திருந்தார். ஆகவே வாசிப்பதும் எழுதுவதும் சைகல். கோபம் மட்டும் அவருடையது.

எல்லாம் ஓர் எலும்பினால் வந்தது.

போன வருடம் தலைநகர் பிஷ்கெக்கில் அண்ணன் எர்மெக்கின் கல்யாணம். பெண் வீட்டு விருந்து. கறித்தட்டு சுற்றி வந்தபோது, மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு வைக்க வேண்டிய இடுப்பெலும்பு யாரோ ஓர் ஒன்றுவிட்ட மாமாவின் தட்டுக்குப் போய்விட்டது. அப்பாவின் தட்டில் வந்து விழுந்தது முன்னங்கால். மீசை முளைக்காத பசங்களுக்கு வைக்கிற எலும்பு. அப்பா சத்தம் போடவில்லை. அந்த முன்னங்காலைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனார். சம்பந்தி இமனலியின் காருக்கு முன்னால் நின்றார். பளபளவென்று துடைத்து வைத்திருந்த காரின் மூடிமேல் எலும்பை நட்டுக்க நிறுத்திவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அண்ணனும் அண்ணி ஜில்திஸும் ரஷ்யாவில் கஸானுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். இங்கே பெரியவர்கள் ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் உறுமிக்கொண்டிருந்தார்கள்.

அந்த எலும்பு உண்மையில் சைகலின் தொண்டையில்தான் சிக்கியிருந்தது. செப்டம்பரில் அவள் பிஷ்கெக்கில் நர்ஸ் படிப்பில் சேர வேண்டும். அப்பாவின் சட்டம் தெளிவானது. ஹாஸ்டல் கிடையாது. சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிப்பதானால் படிக்கலாம். இல்லாவிட்டால் சந்தையில் அத்தை கடையில் கம்பளிக் காலுறை விற்கலாம். பிஷ்கெக்கில் அவர்களுக்கு இருந்த ஒரே சொந்தம் இந்த இமனலி சம்பந்தி. 'பொண்ணு நம்ம வீட்டுலயே இருந்து படிக்கட்டும்' என்று அவரே வாயால் சொல்லியிருந்தார். அது எலும்புக்கு முந்தின நாள்.

இரண்டு நரைத்த ஆட்கள், ஓர் ஆட்டின் கால், நடுவில் என் படிப்பா என்று அவளுக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த வீட்டில் கோபப்பட அவளுக்கு முறை வருவதே இல்லை. அப்பா முடித்தால் அம்மா ஆரம்பிப்பாள்.

அப்படியிருக்க, போன வாரம் திடீரென்று சம்பந்தியிடமிருந்து ஒரு செய்தி. "சம்பந்தி, நல்லா இருக்கீங்களா? உங்க ஊருக்கு வர எந்தக் காலம் நல்லது?"

அதற்குத்தான் அப்பாவின் நாய், சைகலின் மரியாதை.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

"படி" என்றார் அப்பா. அம்மா அனார்குல் மாவு பிசைவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

"'சந்தோஷம் சம்பந்தி. எல்லா மாசமும் நல்லதுன்னா குளிர்காலமும் நல்லதா? உங்க வீட்டுக்குள்ள குளிருமா? கரி ஒழுங்கா கிடைக்குதா?'"

அப்பா எழுந்தே விட்டார்.

"பாத்தியா? பாத்தியா அனார்குல்? கரிக்காரன் வீட்டுல கரி இருக்கான்னு கேக்கறான்! இருபத்திரெண்டு வருஷமா நானூறு பிள்ளைங்களக் கதகதன்னு உக்கார வெச்சிருக்கேன். என்னப் பாத்துக் கேக்கறான்!"

"திமிரு" என்றாள் அம்மா. "அவங்க வீட்டுல சுவத்துக்குள்ள குழாய்ல சுடுதண்ணி ஓடுதுல்ல. அந்தத் திமிரு."

"எழுது! ஜனவரில வாடா. கணவாய் நடுவுல வண்டி நிக்கும். உன் மீசை ஒடிஞ்சு கையில வரும். வசந்தத்துல வந்து மண்வெட்டியால வெட்டி எடுத்துக்கறோம்."

"மண்வெட்டியால..." என்று முணுமுணுத்துக்கொண்டே சைகல் எழுதினாள்: "எங்கள் வீட்டுச் சுவர் இரண்டு முழத் தடிப்பு, சம்பந்தி. ஜனவரியிலும் உள்ளே வெறும் சட்டையோடு உட்காரலாம். ஆனால் கணவாயில் பனி அதிகம். வயதானவர்களுக்குச் சிரமம்."

பக்குவமாக எழுதியதாக அவளுக்கே ஒரு திருப்தி. மரியாதையும் இருக்கிறது, வராதே என்பதும் இருக்கிறது.

"சட்டையோடவா! பலே!" என்று வந்தது பதில். கூடவே மூன்று ரோஜாப்பூ. "எத்தனை அறை, சம்பந்தி? கோடையில தூசு உண்டா? இங்க புகைல மூச்சே விட முடியல."

சைகல் ரோஜாக்களை மட்டும் விட்டுவிட்டு வாசித்தாள்.

"எத்தனை அறையா? வீட்ட அளக்கறானா?" அப்பா அடுப்புக் கதவைக் காலால் உதைத்தார். "எழுது. ஜூலைல வா. நாங்க எல்லாரும் மேல ஜைலோல மாடு மேய்ச்சுட்டு, கூடாரத்துல குதிரைப்பால் குமிஸ் குடிச்சுட்டு இருப்போம். வந்து பூட்டப் பாரு. பூட்டுக்கு ஒரு சலாம் போட்டுட்டு வந்த வழியே போ!"

இதை எப்படி மென்மையாக்குவது என்று சைகல் நகத்தைக் கடித்தாள். கடைசியில், "ஐந்து அறைகள். ஆனால் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் நாங்கள் மலைமேல் மேய்ச்சலில் இருப்போம். வீடு முழுக்கக் காலியாகத்தான் கிடக்கும்" என்று எழுதினாள். காலியான வீட்டுக்கு யார் வருவார்கள்?

"காலியா? ரெண்டு மாசமும் காலியா? நல்லது, நல்லது!" இந்த முறை ரோஜாவோடு கைகுவித்த பொம்மையும் வந்தது.

"என்னடி சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லலப்பா. நல்லதுங்கறாரு."

"நக்கலு! வீடு பூட்டியிருக்கும்ங்கறேன், நல்லதுங்கறான்! எதுத்துப் பேசினாக்கூடப் பரவால்ல. இப்படி இனிப்பாப் பேசினா ரத்தம் கொதிக்குது."

அன்றிலிருந்து சைகல் அப்பாவைக் கேட்காமலே எழுத ஆரம்பித்தாள். பயம்தான் காரணம். அவளுக்கு இப்போது ஒரே ஒரு மாதம்தான் நல்ல மாதம்: செப்டம்பருக்குப் பிந்தியது. ஒன்றாம் தேதி பெட்டியோடு போய் அவர்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் போதும். பிறகு பெரியவர்கள் எலும்பை எலும்பால் அடித்துக்கொள்ளட்டும்.

பள்ளிக்கூட இடைவேளையில், கழிப்பறைச் சுவர் ஓரமாக நின்று எழுதினாள். "யோசித்துப் பார்த்தோம் சம்பந்தி. அக்டோபர்தான் சிறந்தது. பாப்லார் மரமெல்லாம் தங்கமாக இருக்கும். உருளைக்கிழங்கு எடுத்து முடித்திருப்போம். கொசு கிடையாது, சேறு கிடையாது."

"அக்டோபரா?" என்று வந்தது. "அவ்வளவு நாள் தாங்காது. இப்பவே ஏப்ரல்ல வந்தா என்ன?"

சைகலுக்குத் தலை சுற்றியது. ஏப்ரல்! கூரை ஒழுகுகிற மாதம். முற்றத்தில் கணுக்கால் வரை சேறு. கழிப்பறைக்குப் போக அம்மா பலகை போட்டிருந்தாள். பலகையும் மூழ்கி, அதன்மேல் இன்னொரு பலகை போட்டிருந்தாள். எல்லாவற்றையும்விட, அப்பாவுக்கு ஏப்ரலில் கொதிகலன் வேலை குறைவு. நாள் முழுக்க வீட்டில் இருப்பார்.

"ஏப்ரல் வேண்டவே வேண்டாம்" என்று எழுதினாள். "கணவாயில் மண் சரியும். சேற்றில் வண்டி மாட்டும். இங்கே ஏப்ரலில் காக்காய்கூட நடந்துதான் போகும்."

பதில் வரவில்லை. ஒரு பாடவேளை போனது. கணக்கு டீச்சர் அவளை எழுப்பி ஏதோ கேட்டார். அவள் "ஏப்ரல்" என்றாள். வகுப்பே சிரித்தது.

மூன்றாம் பாடவேளையில் வந்தது. ரோஜா இல்லை. "நாங்க வர்றது உங்களுக்குப் பிடிக்கலன்னு புரியுது. இன்னும் உங்க மனசு ஆறல. சரி. தொந்தரவு பண்ணினதுக்கு மன்னிக்கணும்."

முடிந்தது. கண்முன்னே காலுறைகள் தெரிந்தன. சாம்பல் நிறம், பழுப்பு நிறம், ஆட்டு வாசனையோடு ஐந்தைந்தாகக் கட்டித் தொங்குகிற காலுறைகள். நடுவில் அத்தை. "சில்லறைய எண்ணிப் போடுடி!"

அவள் யோசிக்கவே இல்லை. ஊரில் யார் வாசலுக்கு வந்தாலும் வாய் தானாகச் சொல்லும் வார்த்தைகள் உண்டே, அத்தனையையும் கொட்டினாள். "ஐயோ சம்பந்தி! உங்களுக்கா தடை? உங்களுக்கு மாதம் என்ன, காலம் என்ன? நீங்கள் வருகிற நாள்தான் எங்களுக்கு வசந்தம். இது உங்கள் வீடு. வாருங்கள், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள். நீங்கள் கிளம்புகிறேன் என்றால்தான் எங்களுக்கு வருத்தம்."

இதைச் சொல்லாத ஆள் கோக்-அர்ச்சா ஊரில் கிடையாது. இதை நம்பி மூட்டை கட்டியவரும் கிடையாது.

நாற்பது நிமிடம் போனது. பிறகு:

"படிச்சுட்டு என் வீட்டுக்காரி துர்சுனாய் அழறா. நானும்தான். சனிக்கிழமை வர்றோம்."

அதற்குக் கீழே இன்னொன்று: "கூட ரெண்டு பலசாலி ஆளுங்களையும் கூட்டிட்டு வர்றோம். வாசக்கதவு எவ்வளவு அகலம்?"

அன்றைக்குப் புதன்கிழமை.

முதலில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா பால் கறந்துகொண்டிருந்தாள். கறந்த கை அப்படியே நின்றது. பசு திரும்பிப் பார்த்தது.

"சனிக்கிழமையா? எந்தச் சனிக்கிழமை?"

"இந்தச் சனிக்கிழமைம்மா."

ஈரத் துணி பறந்து வந்தது. சைகல் குனிந்தாள், துணி பசுவின் கொம்பில் மாட்டிக்கொண்டது.

"திரைச்சீலை தோய்க்கல! மாடத்துல எலி! கூரையில ரெண்டு எடத்துல வாளி வெச்சிருக்கு! அந்தத் துர்சுனாய் என் வீட்டுக் கழிப்பறைக்குப் பலகைமேல நடந்து போகணுமாடி? அவ உடம்புக்குப் பலகை தாங்குமாடி? அதான் கதவு அகலம் கேக்கறாங்க! பாவி, கேக்கறதையும் கேட்டுட்டு வர்றாங்க!"

"அம்மா, அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்."

"நானா? எனக்கு ஒரு புருஷன்தான் இருக்கான். நீயே சொல்லு!"

அப்பா கரிக்குவியல்மேல் நின்றுகொண்டிருந்தார், கையில் மண்வாரியோடு. சைகல் பத்தடி தள்ளி நின்று சொன்னாள். சொல்லி முடித்ததும் இன்னும் இரண்டடி பின்வாங்கினாள்.

அப்பா மண்வாரியைக் கீழே போட்டார். அவர் முகத்தில் கரியைத் தவிர மிச்ச இடமெல்லாம் சிவந்தது.

"நான் என்ன சொன்னேன்?"

"மீசை ஒடிஞ்சு..."

"நீ என்ன எழுதின?"

"வசந்தம்னு..."

"நான் அவனக் குழியில தள்ளச் சொன்னேன். நீ கையப் பிடிச்சு மெத்தையில உக்கார வெச்சிருக்க! எத்தனை நாளா நடக்குது இது?"

"முதல் நாள்லருந்தே."

"நாயி?"

"நாயி போகலப்பா."

அப்பாவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. "நாய்கூடப் போகலியா?" என்று கரியிடம் கேட்டார்.

அப்புறம்தான் இரண்டு பலசாலிகள் விஷயம் தலையில் ஏறியது.

"எதுக்கு ரெண்டு தடியனுங்க? அடிக்கவா? என் வாசலுக்கு ஆள் கூட்டிட்டு வந்து அடிக்கறானா? கதவு அகலம் எதுக்குக் கேக்கறான்? ஒரே நேரத்துல ரெண்டு பேரும் உள்ள பாயறதுக்கு!"

"அது சம்பந்தியம்மா உடம்புக்காகன்னு அம்மா..."

"உங்கம்மாவுக்கு என்ன தெரியும் யுத்தத்தப் பத்தி?"

அப்பா போய் பக்கத்துத் தெரு வெல்டர் சமாத்தை அழைத்து வந்தார். சமாத்துக்குக் கழுத்து கிடையாது. தோளுக்கு மேலே நேராகத் தலை. "சனிக்கிழம காலைல வந்துடு. இரும்புத்தடி எடுத்துக்க. சாப்பாடு உண்டு" என்றார் அப்பா.

"சாப்பாடு அடிக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டார் சமாத்.

சைகல் கடைசியாக ஒரு முயற்சி செய்தாள். "கணவாயில் இன்று பெரிய மண்சரிவு, சம்பந்தி. பாதை மூடிவிட்டார்கள்" என்று எழுதினாள். அது பொய். சம்பந்தியின் பதில் உடனே வந்தது: "அப்படியா? அப்ப சுத்துவழியா, நாளைக்கு ராத்திரியே கெளம்பி வந்துடறோம். வெள்ளிக்கிழமையே பாக்கலாம்!"

ஒரு நாள் குறைந்துவிட்டது. அம்மா அவளை ஈரத் துணியோடு தேடினாள்.

"வீட்டப் பூட்டிட்டு இப்பவே ஜைலோவுக்குப் போயிடலாம்" என்றார் அப்பா.

"போங்க" என்றாள் அம்மா. "இடுப்பளவு பனி கிடக்கு. நீங்களும் உங்க மாடும் அங்க போய்ப் பனியத் தின்னுங்க. வந்தவங்க பூட்டுன கதவப் பாத்துட்டுத் திரும்பினா, நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சந்தைக்குப் போவேன்? கூரைல ஏறுங்க!"

அப்பா கூரையில் ஏறினார். ஒவ்வொரு ஆணியும் இமனலியின் தலை என்று நினைத்து அடித்தார். ஒழுகலே நின்றுவிட்டது. அதே கோபத்தோடு இறங்கி முற்றத்துச் சேற்றுக்குமேல் கொதிகலன் சாம்பலைக் கொட்டி மிதித்தார். வேலிக்குச் சுண்ணாம்பு அடித்தார். கழிப்பறைக்குப் புதுக் கதவு போட்டார். "அவனுக்காக இல்ல. நாளைக்கு அவன் ஊர்ல போய் வாயத் தொறக்க முடியாதுல்ல, அதுக்கு!" இருபது வருடமாக அம்மா கெஞ்சியும் நடக்காதது ஒன்றரை நாளில் நடந்தது. அதைப் பார்த்து அம்மாவுக்கு இன்னும் கோபம் வந்தது.

கடைசியாக ஆட்டை அறுத்தார். "முன்னங்கால் ரெண்டையும் தனியா எடுத்து வை" என்றார். "ரெண்டும் அவனுக்கு."

"என் சமையல்ல அந்தக் கேவலம் நடக்காது."

"என் ஆடு!"

"என் அண்டா!"

சைகல் வாசல் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து எண்ணெயில் பொரிக்கிற போர்சோக் ரொட்டிக்கு மாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துண்டும் கோணலாக விழுந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு வெள்ளை வேன் தெருமுனையில் திரும்பியது. தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள். ஏப்ரலில் விருந்தாளி வந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? அப்பா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் சமாத், தடியோடு. அப்பாவின் நெற்றியில் ஒரு நரம்பு புடைத்திருந்தது. ஒரு வருடக் கோபம் முழுதும் அந்த நரம்பில்தான் இருந்தது. முதல் வாக்கியத்தை அவர் காலையிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்ததைச் சைகல் கேட்டிருந்தாள்: "வா இமனலி, எலும்பு தயார்."

வேன் கதவு திறந்தது. முதலில் இரண்டு பலசாலிகள் குதித்தார்கள். சமாத் தடியை மாற்றிப் பிடித்தார். அடுத்துத் துர்சுனாய் சம்பந்தியம்மா. கடைசியாக, கைத்தாங்கலாக, இமனலி.

போன வருடம் பார்த்த ஆளே இல்லை. பாதியாகியிருந்தார். இறங்கியதும் இருமினார். இருமி முடித்ததும் மலைக்காற்றை ஒருமுறை ஆழமாக இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நேராக அப்பாவிடம் வந்தார்.

"வா இமனலி..." என்று ஆரம்பித்தார் அப்பா.

இமனலி தன் கல்பாக் தொப்பியைக் கழற்றினார். தெருவே பார்க்க அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினார்.

"சம்பந்தி, அன்னிக்கு எலும்பு மாறிப்போச்சு. பரிமாறினவன் புதுப் பையன். நான் அங்கயே எழுந்து வந்து உங்க காலப் பிடிச்சிருக்கணும். காருமேல அத வெச்சீங்கன்னு எனக்கு வீம்பு. ஒரு வருஷம் தப்பு பண்ணிட்டேன். நீங்க பெரிய மனசு. 'இது உங்கள் வீடு'ன்னு எழுதினீங்களே, அத நான் அச்செடுத்து வெச்சிருக்கேன்!"

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினார்.

அப்பாவின் நெற்றி நரம்பு போவதற்கு இடம் தெரியாமல் துடித்தது. காலையிலிருந்து மனப்பாடம் செய்த வாக்கியத்துக்கு இப்போது வேலையே இல்லை. மன்னிப்புக் கேட்டவன்மேல் கோபப்பட முடியாது. முடியவில்லையே என்று அவருக்கு வந்த கோபத்தைப் பலசாலிகள்மேல் காட்டலாம் என்றால், அவர்கள் இரண்டு பேரும் குனிந்து அவர் கையைப் பிடித்து மரியாதையாகக் குலுக்கிவிட்டு, வாசல் கதவைத்தான் மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல அகலம்" என்றான் ஒருவன்.

"தாராளம்" என்றான் மற்றவன்.

"ஏன் மழையில நிக்கறீங்க? உள்ள வாங்க!" என்று அப்பா உறுமினார். உறுமலாகத்தான் வந்தது, வார்த்தை மட்டும் மரியாதை. சைகல் வாழ்க்கையில் முதல்முறையாக, அவள் திருத்தாமலே.

சமாத் தடியை அண்டா அடுப்பில் கரி கிளறக் கொடுத்துவிட்டு முதல் ஆளாக உட்கார்ந்தார்.

ஆட்டுக்கறியும் மாவுப்பட்டையும் சேர்ந்த பெஷ்பர்மாக் வந்தது. அம்மா யாரையும் கேட்காமல் இடுப்பெலும்பை இமனலியின் தட்டில் வைத்தாள். அப்பா சுவரைப் பார்த்தார். துர்சுனாய் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சுவரைத் தட்டினாள். "நிஜமாவே ரெண்டு முழம்!" என்றாள். ஜன்னலைத் திறந்து மூடினாள். தெற்குப் பக்கத்து அறையில் நின்று, "இங்க வெயில் காலைல வருமா சாயங்காலம் வருமா?" என்று கேட்டாள். திரைச்சீலையைத் தோய்த்தது வீண்போகவில்லை என்று அம்மாவின் முகமே கனிந்துவிட்டது.

தேநீர் வந்தபோது சைகல் எல்லாத் தைரியத்தையும் ஒன்றாகச் சேர்த்தாள். கிண்ணத்தை இமனலியின் முன்னால் நீட்டினாள்.

"மாமா... செப்டம்பர்ல... நர்ஸ் படிப்பு. போன வருஷம் நீங்க சொன்னீங்களே... உங்க வீட்டுல இருந்து..."

அப்பா சுவரிலிருந்து தலையைத் திருப்பினார்.

இமனலி அவள் தலையில் கை வைத்தார்.

"இதக் கேக்கணுமாம்மா? உங்க வீடு எங்க வீடுன்னு ஆயாச்சு. இனிமே நாம எல்லாரும் ஒரே வீட்டுலதான்."

சைகலின் கண்களில் தண்ணீர் வந்துவிட்டது. பத்து நாள் பயமும் ஒரே மூச்சில் வெளியே போனது. காலுறைகள் மறைந்தன. வெள்ளைக் கோட்டு தெரிந்தது. ஏப்ரல்தான் நல்ல மாதம்! ஏப்ரலைப்போல ஒரு மாதம் உண்டா? அப்பாகூடத் தாடியைச் சொறிவதுபோல் ஒரு சிரிப்பை மறைத்தார்.

"எத்தனை நாள் இருப்பாங்களாம்?" என்று அம்மா அவர் காதில் கேட்டாள்.

"அத எப்படி வாயால கேக்கறது?" என்று அப்பா பல்லைக் கடித்தார். "வந்தவங்களா கெளம்பணும்."

அப்போது வாசலில் பூட்ஸைத் தட்டும் சத்தம் கேட்டது. முழங்கால் வரை சேறும் தொப்பி நிறையப் பனியுமாக, யாரும் அதுவரை பார்த்திராத ஓர் ஆள் தலையை நீட்டினார். முகத்தில் ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிய எரிச்சல்.

"இமனலி ஐயா, லாரி மேட்டுல ஏற மாட்டேங்குது, கட்டிலு, பீரோ, பியானோ எல்லாம் நனையுது, பிஷ்கெக் வீட்டத்தான் வித்து வாங்கினவங்க கையில சாவியக் குடுத்தாச்சே, இந்தச் சாமான எல்லாம் இங்க எந்த ரூம்ல இறக்கறதுன்னாவது சீக்கிரம் சொல்லுங்க!"